லாச்சி எண்டு சொல்லுங்கோ

லாச்சி திருத்துற தொழிலில ஒரு வசதி இருக்கு: வீட்டில எல்லாரும் ஆளையாள் குற்றம் சொல்லி முடிச்ச பிறகுதான் என்னைக் கூப்பிடுவினம். நான் போய்ச் சேரேக்க சண்டை ஓய்ஞ்சிருக்கும், தேத்தண்ணியும் வரும். உங்கட வீட்டிலயும் மேசையிலயோ அலுமாரியிலயோ இழுத்துத் திறக்கிற ஒரு லாச்சி இப்ப பாதி திறந்தபடி நிக்கும். அதில இடுப்பை இடிச்சுக்கொண்டு போய்த்தான் இதை வாசிக்க இருந்திருப்பீங்கள். வெக்கப்படாதைங்கோ, ஊர் முழுக்க அப்பிடித்தான்.

தோட்டவெளி எண்ட ஊரில என்ட கேற்றில ஒரு பலகை தொங்குது: ‘தையல், லாச்சி திருத்தம் – றீட்டா’. பெட்டிக்குள்ள துண்டு துண்டா வந்து வீட்டில பூட்டுற மெலமைன் அலுமாரி, மேசை, எது எண்டாலும் பாப்பன். திருத்தப்போன ஒரு சாமானையும் நான் உடைச்சதில்லை. இதைப் போற வீட்டில எல்லாம் முதலே சொல்லிப்போட்டுத்தான் பையைத் திறப்பன்.

எல் எண்டால் என்ன?

என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்து விட்டது என்ட மனுசன். கடல் தொழில் அவருக்கு. வள்ளத்துக்கு எஞ்சின் பூட்டுற கைக்கு அலுமாரி என்ன பெரிய அலுமாரி எண்டு நினைப்பு. பெட்டியை உடைச்ச கையோட, படம் கீறின தாளை அடுப்புக்குள்ள போட்டுட்டார். பின்னேரத்துக்குள்ள அலுமாரி எழும்பி வடிவா நிண்டுது. லாச்சி மட்டும் ரெண்டு விரல் அளவு உள்ள போய்க் கடிச்சுக்கொண்டு நிக்குது. தோளால இடிச்சார், காலால உதைஞ்சார். கடைசியில அலுமாரி செய்தவன்ட பரம்பரையைத் திட்டிப்போட்டுக் கடலுக்குப் போயிட்டார்.

நான் கழட்டிப் பாத்தன். லாச்சி ஓடுற தகரத் தண்டவாளத்துக்கு ரன்னர் எண்டு பேர். ஒவ்வொண்டிலயும் சின்னதா ஒரு இங்கிலீசு எழுத்து அடிச்சிருக்கும். இடப்பக்கத்துக்கு எல், வலப்பக்கத்துக்கு ஆர். இந்த மனுசன் எல் அடிச்சது முழுக்க லாச்சியிலயும், ஆர் அடிச்சது முழுக்க அலுமாரி உடம்பிலயும் பூட்டி வைச்சிருக்கிறார். மாத்திப் பூட்டினன், வழுக்கிக்கொண்டு போச்சு. கடலால வந்தவரிட்ட இது என்ன வேலை எண்டு கேட்டன். ஒரு கூச்சமும் இல்லாமல் சொன்னார்: “எல் எண்டால் லாச்சி, ஆர் எண்டால் ராக்கைத் தட்டு. இதுக்கு யூனிவெர்சிற்றியே போகவேணும்?”

எஞ்சின் கிறீஸ்

எங்கட தீவில காத்து சும்மா வராது, மண்ணோடதான் வரும். இது தெரிஞ்சும் பக்கத்து ஒழுங்கையில வள்ளங்கள் வைச்சிருக்கிற சம்மாட்டியார் ஒருத்தர், லாச்சி இறுகுது எண்டு எஞ்சினுக்குப் பூசுற கிறீசை அள்ளி ரன்னரில அப்பிவிட்டார். ரெண்டு நாள் எண்ணெய் மாதிரி ஓடிச்சுது. மூண்டாம் நாள் மண் வந்து ஒட்டி, அம்மியில அரைக்கிற சத்தம். பெருநாளுக்குத் தைச்ச வெள்ளைச் சட்டையிலயும் கறுப்புக் கறுப்பாக் கிறீஸ். மண்ணெண்ணெயில துணி நனைச்சு முழுக்கத் துடைச்சு எடுத்துட்டு, மெழுகுதிரித் துண்டு ஒண்டைத் தேய்ச்சுவிட்டன். ரன்னருக்கு மெழுகுதான் மருந்து, அதில மண் ஒட்டாது. வீட்டுக்காரி பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டே இருந்தா. பிறகு மெல்லமாச் சொன்னா: “என்ட முழங்கால் வருத்தத்துக்கும் இந்தக் கிறீசைத்தான் பூசச் சொன்னவர், தங்கச்சி.”

கட்டாரில இருந்து மேற்பார்வை

எருக்கலம்பிட்டியில பகலில ஆம்பிளையள் இல்லாத வீடுகளுக்கு என்னைத்தான் கூப்பிடுவினம். ஒரு வீட்டில மனுசி நாலு பிள்ளையளோட இருக்கிறா, அவர் கட்டார் நாட்டில உழைக்கிறார். இருக்கிறது கட்டாரில எண்டாலும் ஆள் போனுக்குள்ளால வீட்டிலதான் நிக்கிறார். போனைக் கதிரையில சாத்திவைச்சு, நான் ஒவ்வொரு திருகாணியும் கழட்டக் கழட்ட அங்க இருந்து சத்தம் போடுறார். இடப்பக்கம் எண்டுறார். அது அவருக்கு இடம், எனக்கு வலம். மூண்டாந்தரம் சொல்ல எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. லைன் சரியில்லைப்போல எண்டு சொல்லி, போனைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைச்சுட்டு வேலையைப் பாத்தன்.

அந்த லாச்சிக்குள்ள அவர் அனுப்பின சொக்கிலேற், பிஸ்தா, புதுச் சவர்க்காரம் எல்லாம் இருந்துது. திருத்தின லாச்சியை அவருக்கு ஒரு விரலால இழுத்துக் காட்டினன். ஆளுக்குச் சரியான சந்தோசம், மாஷா அல்லாஹ் எண்டு சொல்லி வைச்சுட்டார். நாலு பிள்ளையளும் வாசலில நிண்டு லாச்சியைப் பாத்துக்கொண்டே நிக்குதுகள். அந்த மனுசி என்னை ஓரமாக் கூப்பிட்டுக் காதுக்குள்ள சொன்னா: “அவருக்குக் காட்டியாச்சுத்தானே மகள், இனிப் பழையபடி சிக்குற மாதிரி வைச்சுட்டுப் போங்க.”

மேசை களிசான் போடுமோ?

இதில பிழை என்டது. முதலே ஒத்துக்கொள்ளுறன்.

சாந்தி எண்டு ஒரு பிள்ளை, தலைமன்னாரில இருக்கிறா. தமிழ்நாட்டு அகதி முகாமில வளந்து, அங்கயே கலியாணம் கட்டி, போன வருசம்தான் குடும்பத்தோட திரும்பி வந்தவ. ஒருநாள் காலமை எட்டு மணிக்குப் போன். “அக்கா, டிராயர் சிக்கிக்கிச்சு. இழுத்தா வரவே மாட்டேங்குது.” டிராயர் எண்டால் எனக்குத் தெரிஞ்சது இந்தியப் படத்தில ஆம்பிளையள் போட்டுக்கொண்டு திரியிற அரைக் களிசான். தையலும் என்ட பலகையில இருக்குத்தானே, களிசானை இழுத்துப் பூட்டுற சிப் இறுகிப்போச்சு எண்டு நினைச்சன். மெழுகுதிரியை மேலயும் கீழயும் தேய்ச்சு மெதுவா இழும் பிள்ளை, வந்திடும் எண்டு சொல்லிப்போட்டு நான் என்ட வேலையைப் பாத்தன்.

பத்து மணிக்குத் திரும்ப எடுக்கிறா. மெழுகு தேய்ச்சும் வரேல்லையாம், மகள் ஜெனியின்ட பிறப்புப் பத்திரம் அதுக்குள்ளதானாம். ஜெனி முகாமில பிறந்தவள். குடியுரிமைக்குப் பதியிற நடமாடும் சேவை அண்டைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில, பன்னிரண்டு மணி வரைக்கும்தான். அடுத்தது எப்ப வரும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அந்தப் பதிவு இல்லாட்டி அடையாள அட்டை இல்லை, அட்டை இல்லாட்டிப் பிள்ளை பள்ளிக்கூடச் சோதினைக்கு இருக்கேலாது. எனக்கு இரக்கத்தைவிடக் கோவம்தான் முதலில வந்துது. இவ்வளவு பெரிய பத்திரத்தை ஏன் பிள்ளை களிசானுக்குள்ள வைச்சனீர் எண்டு கேட்டன். அவ சொன்னா, “அக்கா, மேசை டிராயர்.”

அப்பத்தான் விளங்கிச்சுது. மேசை எங்க களிசான் போடுறது? என்ட விசர்க் கதையால அந்தப் பிள்ளைக்கு ரெண்டு மணித்தியாலம் போச்சு. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினன். எதிர்க்காத்து, கண் முழுக்க மண். வழி முழுக்க என்னை நானே ஏசிக்கொண்டு போனன்.

போய்ச் சேரப் பதினொரு மணி. லாச்சி ரெண்டு விரல் திறந்து நிக்குது. ரன்னரில ஒரு பிழையும் இல்லை. பைல் நிறையப் பேப்பரை அமத்தி வைச்சதில, மேல கிடந்த பத்திரம் கிளம்பிப் பின்னால மடிஞ்சு சிக்கியிருக்கு. அளக்கிற இரும்பு அடிமட்டத்தை உள்ள விட்டு அமத்தினன். சர் எண்டு கிழியிற சத்தம். கையை எடுத்துட்டன். இனி ஒரே வழிதான், மேசையைத் திருப்பிப் பின்பலகையை உடைக்கவேணும். ஆனால் அது அவை திரும்பி வந்து வாங்கின முதல் சாமான். சாந்தி அதுக்குத் துணி விரிச்சு, மாதா படம் வைச்சு, பிள்ளை மாதிரி வைச்சிருக்கிறா. எனக்கும், வெக்கத்தை விட்டுச் சொன்னால், என்ட பேரும் கண்ணுக்கு முன்னால நிண்டுது. உடைக்காமல் எடுக்கலாம், கொஞ்சம் பொறுங்கோ எண்டன்.

மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்ட ஜெனி சொன்னாள்: “மேசைக்குக் குடியுரிமை வேண்டாம் ஆன்ட்டி. எனக்குத்தான் வேணும்.”

மாதாவைத் தூக்கிச் சாந்தியின்ட கையில குடுத்துட்டு உளியை எடுத்தன். ரெண்டே அடி. பின்பலகை பிளந்துது. பத்திரத்தில ஒரு மூலை போச்சு, பேரும் திகதியும் முழுசா இருந்துது. ஜெனியைப் பின்னால ஏத்திக்கொண்டு பறந்தன். நாங்கள் உள்ள போகேக்க கடைசி மேசையில இருந்த உத்தியோகத்தர் பைலைக் கட்டிக்கொண்டு நிண்டார். கிழிஞ்ச மூலையைப் பிடிச்சுக்கொண்டு, இது எப்பிடி நடந்தது எண்டு கேட்டார். டிராயர்ல மாட்டிக்கிச்சு சார் எண்டாள் ஜெனி. அவர் கண்ணாடியைக் கழட்டிப்போட்டு அவளைப் பாத்தார். “பிறப்புப் பத்திரத்தைக் கொண்டுபோய் ஏன் பிள்ளை களிசானுக்குள்ள வைச்சனீங்கள்?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்டாத்தான் வந்துது. வாயைத் திறக்கப் போனன், அதுக்குள்ள அவள் முந்திக்கொண்டாள். என்னை ஒருக்காப் பாத்துட்டு அவரிட்டத் திரும்பிச் சொன்னாள்: “லாச்சி, சேர். எங்கட வீட்டு லாச்சி.”

அவர் பைலைத் திரும்ப அவிழ்த்தார்.

அந்த மேசைக்குப் புதுப் பின்பலகை அடிச்சுக் குடுத்தாச்சு, அந்த வீட்டில இப்ப எல்லாரும் லாச்சி எண்டுதான் சொல்லினம், நான்தான் போன் எடுக்கிற ஒவ்வொருத்தரிட்டயும் “டிராயரோ, லாச்சியோ?” எண்டு கேட்டு அடிவாங்காத குறையாத் தொழில் செய்யிறன்.