கோமதி அக்கா வெட்டி வைத்த ஓரங்கள்

எட்டாம் வகுப்புக்கு ஓவியப் பாடம் நடந்துகொண்டிருந்தது. மேசையில் ஒரு பூசணிக்காயை வைத்திருந்தேன்; பிள்ளைகள் அதைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்கள். வகுப்பில் நான் போனை எடுப்பதில்லை. மூன்றாவது முறையும் உமாவின் பெயர் வந்தபோது வராந்தாவுக்கு வந்து எடுத்தேன்.

"டீச்சர், அம்மா போயிட்டா" என்றாள். "காலையில கடையத் தொறந்தா. பசை காய்ச்சி எறக்கி வச்சா. நெஞ்சு ஒரு மாதிரி இருக்குட்டின்னு ஸ்டூல்ல ஒக்காந்தா. அவ்வளவுதான் டீச்சர்."

"பசை என்ன ஆச்சு?" என்று கேட்டேன். சாவுச் செய்தி சொல்கிறவளிடம் இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்பார்களா? உமா கோபப்படவில்லை. "அப்படியே இருக்கு டீச்சர், ஆடை கட்டிப் போச்சு" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் அழுதாள். நானும் அழுதேன். உள்ளே பிள்ளைகள் பூசணிக்காயைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சங்கரன்கோவில்காரர்களுக்கு உமாவின் அம்மா சங்கரகோமதி அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தேரடிக்கு அடுத்த சந்தில், பொன்னையா பிரேம் ஒர்க்ஸ். பொன்னையா, அக்காவின் அப்பா. அவர் காலமானபோது கடையை மூடிவிடச் சொன்னவர்கள் பலர். அக்கா மறுநாளே கண்ணாடி வெட்டும் வைரத்தைக் கையில் எடுத்தாராம். உங்கள் வீட்டுக் கல்யாணப் போட்டோவோ, பிள்ளை வாங்கிய பட்டமோ, பூஜை அறைப் படமோ, ஏதோ ஒன்றுக்கு அக்காதான் சட்டம் போட்டிருப்பார். கழற்றித் திருப்பிப் பாருங்கள். நான் சொல்லப் போவதெல்லாம் அந்தப் பின்பக்கத்தைப் பற்றித்தான்.

நான் முதன்முதலாக அங்கே போனது இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு. வேலைக்குச் சேர்ந்த புதிது. மேலநீலிதநல்லூர்ப் பக்கம் அறுவடை முடிந்த காட்டில் ராத்தங்கும் ஆட்டுக் கிடைகளை வாட்டர் கலரில் வரைந்துகொண்டிருந்தேன். ஒரு படத்தைப் பெருமையோடு நீட்டினேன். அக்கா வாங்கிய வேகத்தில் அதைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தை விரலால் தடவினார். "தாளு நல்ல தாளு" என்றார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"படம் எப்படி இருக்குன்னு சொல்லலையே?"

"அத பாக்கதுக்கு ஊரே இருக்கு. முதுகப் பாக்கதுக்கு நான் ஒருத்திதான இருக்கேன்" என்றார்.

அன்றுதான் அவர் பசை குழைப்பதைப் பார்த்தேன். மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவது எல்லாக் கடையிலும் உண்டு. அக்கா அதோடு கோவில் புற்றுமண்ணையும் ஒரு சிட்டிகை போடுவார். நம்மூரில் சொறி சிரங்குக்குப் பூசுவதும், பூச்சிபொட்டு வராமல் வாசலில் தூவுவதும் அந்தப் பிரசாத மண்தான். படத்தைக் கரையான் அரிக்காதாம். கரையான் கட்டிய மண்ணை வைத்தே கரையானை விரட்டுகிறீர்களா என்று கிண்டல் செய்தேன். "சொந்தக்காரன் வீடுன்னு நெனச்சு ஒதுங்கிப் போயிரும் டீச்சர்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். அந்தப் பசை காய்ந்ததும் பின்தாளின் ஓரத்தில் மெல்லிய செம்பழுப்புக் கோடு தெரியும். இன்னொரு வழக்கமும் உண்டு. சாமி படமென்றால் பின்பக்கம் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வைத்துக் கொடுப்பார். மற்ற எந்தப் படத்துக்கும் பொட்டு கிடையாது.

இனிச் சொல்லப் போவது என் வெட்கக்கேடு. அக்கா இருந்தவரை வெளியில் பாதிதான் சொன்னேன். இப்போது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் இணைய ஏலத் தளம் ஒன்றில் படங்கள் விற்கும் ஒருவர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். என்னுடைய பழைய கிடைப் படம் ஒன்று தன்னிடம் வந்திருப்பதாகவும், அது நான் வரைந்ததுதான் என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் தந்தால் நல்ல இடத்துக்குப் போய்ச் சேரும் என்றும் எழுதியிருந்தார். படத்தைப் பார்த்தேன். மழைக்கு முந்தைய கருக்கல் வானம், ஒண்டி நிற்கும் ஆடுகள், மூலையில் என் கையெழுத்து. நான் வரைந்த நினைவு இல்லை. ஆனால் ஆரம்ப காலத்தில் எத்தனையோ படங்களை விற்றுவிட்டேன். எதற்கும் போட்டோ எடுத்து வைத்ததில்லை. உண்மையைச் சொன்னால், அது நன்றாக இருந்தது. இவ்வளவு நன்றாக வரைந்திருக்கிறோமே என்ற பூரிப்பில், 'இது நான் வரைந்ததே' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அந்தச் சமயம் மதுரையில் என் முதல் தனிக் கண்காட்சிக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தலை சற்றுக் கனத்துத்தான் இருந்தது.

ஒரு வாரம் கழித்து ஏலப் பக்கத்தை அக்காவிடம் காட்டப் போனேன். அக்கா என் போனை வாங்கி, பழக்க தோஷத்தில் அதையும் கவிழ்த்துப் போட்டார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கு முதுகு எங்கன இருக்கு?" என்றார். நான் அடுத்த படத்துக்குத் தள்ளினேன். பின்பக்கத்தையும் போட்டிருந்தார்கள். பொன்னையா பிரேம் ஒர்க்ஸ் ஸ்டிக்கர் பளிச்சென்று இருந்தது. நடுவில் வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது நம்ம கையில்ல டீச்சர்."

"ஸ்டிக்கர் இருக்கே அக்கா?"

"ஸ்டிக்கர எவனும் அடிப்பான். நம்ம கட சாமி படம் ஒண்ணு அவன் கையில சிக்கியிருக்கு. எல்லாப் படத்துக்கும் பொட்டு வப்போம்னு நெனச்சு ஆட்டுக்குப் பொட்டு வச்சிருக்கான். நம்மூர்ல ஆட்டுக்குப் பொட்டு வச்சா அன்னைக்கே அது கொழம்புல்லா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் படம் எனக்குத் தெரியாதா என்று வீம்பு பிடித்தேன். இருபது வருடத்துக்கு முன்னால் எந்தப் படத்தில் என்ன செய்தீர்கள் என்று உங்களுக்கு எப்படி நினைவிருக்கும் என்றும் கேட்டேன். அக்கா உள்பக்கம் திரும்பினார். "ஏட்டி உமா, அந்த டின்ன எடு" என்றார்.

பரணிலிருந்து இறங்கியது ஒரு பழைய பிஸ்கட் டின். திறந்தால், உள்ளே காகிதக் கீற்றுகள். ஒவ்வொன்றும் விரல் அகலம், நூலால் சின்னச் சின்னக் கட்டுகளாகக் கட்டியிருந்தது. சட்டத்துக்குள் அடங்குவதற்காக என் படங்களின் ஓரத்தை அக்கா வெட்டுவார். அது எனக்குத் தெரியும். வெட்டிய ஓரங்களை அவர் எறியவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. நான் வண்ணம் கலக்கும்போது தாளின் ஓரத்தில்தான் தீற்றிப் பார்ப்பேன். என் காவிகளும் சாம்பல்களும் அந்தக் கீற்றுகளில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் எழுதியிருந்தது: 'டீச்சர், குட்டி போட்ட ஆடு.' 'டீச்சர், நாய் படுத்திருக்கது.' 'டீச்சர், ஆடே இல்ல, வெறும் காடு.' படத்தைப் பார்க்கவே மாட்டார் என்று இத்தனை வருடம் நான் நினைத்திருந்த மனுஷி, ஒவ்வொன்றையும் பார்த்துத் தன் வார்த்தையில் பெயர் வைத்திருந்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதை எழுதும்போதும் சிலிர்க்கிறது.

"ஏன் அக்கா இதையெல்லாம் வச்சிருக்கீங்க?"

"நீங்க கையால தொட்டு வரஞ்சது. பெருக்கித் தள்ள மனசு வரல" என்றார். அவ்வளவுதான் காரணம்.

நாற்பத்தோரு கீற்றுகள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். மழை வானத்துக்கு ஒரு கீற்றும் இல்லை. என் படங்கள் எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டவர் அக்கா ஒருவர்தான். அப்படி ஒரு படத்தை நான் வரையவே இல்லை.

ஏலப் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தேன். அதற்குள் அந்த ஆள் என் கடிதத்தைக் காட்டி இன்னும் ஏழெட்டுப் படங்களை ஏலத்துக்கு ஏற்றியிருந்தார். கண்காட்சி முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். தன் படத்தையே அடையாளம் தெரியாதவள் என்று மதுரையில் தெரிந்தால் யார் வருவார்கள்?

அக்கா கீற்றுகளைத் திரும்பக் கட்டிக்கொண்டே சொன்னார்: "ஒங்க ஆட்ட அவன் களவாண்டான், சரி. எங்க அப்பா பேர நீங்கல்லா டீச்சர் கையெழுத்துப் போட்டு அவனுக்குக் குடுத்திருக்கிய."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், 'நான் தந்த கடிதம் தவறு. அந்தப் படம் என்னுடையதல்ல. அதிலுள்ள கடை ஸ்டிக்கரும் போலி' என்று எழுதினேன். ஏலத் தளத்துக்கும் மதுரைக்கும் ஒரே கடிதம். மதுரைக்காரர்கள் மரியாதையாக, இந்த வருடம் வேண்டாமே என்றார்கள். விற்பவரோ, ஓவியருக்கு வயதாகிவிட்டது, மறதி என்று ஏலப் பக்கத்திலேயே பதில் போட்டார். எனக்கு வயது நாற்பத்தொன்பது.

தளத்துக்கு எத்தனை புகார் எழுதினாலும் ஒரே பதில்தான் வந்தது, ஆதாரம் கேட்டு. அக்கா டின்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். வாசுதேவநல்லூரில் ஒரு டாக்டர் வீட்டிலும், குருவிகுளத்தில் ஒரு தலைமையாசிரியர் வீட்டிலும் என் படங்கள் இருந்தன. பஸ்ஸில் போய், சட்டத்தைக் கழற்றி, கீற்றை ஓரத்தோடு சேர்த்து வைத்தார். கீற்றில் பாதியில் நின்ற தீற்றல் படத்தில் தொடர்ந்தது. உமா அதைப் படம் எடுத்தாள். அவற்றை அனுப்பிய பிறகுதான் அந்த ஆளின் கணக்கை மூடினார்கள். அடுத்த மாதமே வேறு பெயரில் அதே படங்கள் வந்தன. நான் சோர்ந்துவிட்டேன். "களை எடுக்குத மாதிரிதான் டீச்சர், ஒரு தடவையோட முடியுமா?" என்றார் அக்கா. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் உமாவின் போனோடு உட்கார்ந்துவிடுவார். விற்பவரிடம் எல்லோரும் பார்க்கக் கேள்வி கேட்கும் பெட்டி ஒன்று இருக்கிறதே, அதில் ஒவ்வொரு போலிப் படத்துக்குக் கீழேயும் ஒரே கேள்வியை எழுதச் சொல்வார்: 'இதன் வெட்டிய ஓரம் எங்களிடம் இல்லையே, உங்களிடம் இருக்கிறதா?' ஒருவரும் பதில் சொன்னதில்லை. ஏலம் கேட்கிறவர்கள் மட்டும் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள்.

என் கடிதத்தை நம்பி வாங்கியவர் ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து நேரிலேயே வந்தார். அவர் மனைவி கிடை போடும் குடும்பத்தில் பிறந்தவராம், அவருக்காக வாங்கியது. நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். அக்கா படத்தைக் கவிழ்த்து, ஈரத் துணியால் பொட்டைத் துடைத்தார். பிளேடால் ஸ்டிக்கரைத் துளித் துளியாகச் சுரண்டி எடுத்தார். அப்பா பெயர் முழுதாகப் போகும்வரை விடவில்லை.

"இந்தப் படத்த என்ன செய்யம்மா? கிழிச்சுப் போட்டுரவா?" என்று வந்தவர் கேட்டார்.

"எதுக்கு? ஒங்க வீட்டம்மாவுக்குப் புடிச்சிருக்குல்லா. வரஞ்சவனுக்கும் கை இருக்கு, பாவி. பேரு இல்லாம மாட்டி வையிங்க" என்று சொல்லி, புற்றுமண் பசையில் புதுத் தாள் ஒட்டிக் கொடுத்தார். அந்தப் போலிக்குக்கூடக் கரையான் வரக்கூடாது என்று நினைத்தவர் அவர். நான் என் படம் ஒன்றை வந்தவரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், இரண்டும் இப்போது அவர் வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றனவாம்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பு உமா அக்காவின் போட்டோவைப் பெரிதாக்கிக் கொண்டுவந்து என்னிடம் தந்தாள். "அம்மா படத்த என்னால வெட்ட முடியல டீச்சர், நீங்க போடுங்க" என்றாள். எனக்குச் சட்டம் போடத் தெரியாது. ஆனாலும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். பசையில் ஒரு சிட்டிகை புற்றுமண் போட்டேன். போட்டோவைக் கவிழ்த்து வைத்து ஓரத்தை வெட்டினேன், கோணலாகத்தான் வந்தது. பின்தாள் ஒட்டி முடித்ததும் உமா குங்குமச் சிமிழை நகர்த்தி வைத்தாள். அம்மா இனி சாமிதானே என்று நினைத்திருப்பாள். நான் வைக்கவில்லை. அக்கா பார்த்தால், இது நம்ம கையில்ல என்று சொல்லிவிடுவாரே என்று பயமாக இருந்தது.

அந்த டின் இப்போது என்னிடம் இருக்கிறது. மதுரைக்காரர்கள் மறுபடி அழைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அதன் கீற்றை மாட்டுவதாக இருந்தால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நாற்பத்தோரு கீற்றுகளோடு இன்னொன்றும் டின்னில் சேர்ந்திருக்கிறது. அக்காவின் போட்டோவிலிருந்து நான் வெட்டிய ஓரம், கடைச் சுவரின் நீலம் மட்டும் தெரிகிற ஒரு விரல் அகலத் தாள். பெருக்கித் தள்ள மனசு வரவில்லை. அதைத் திருப்பி, பென்சிலால் 'கோமதி அக்கா' என்று எழுதி வைத்திருக்கிறேன்.