ஃபேன் ஓடினால் உறுமும் ரேடியோ

அக்காவின் கணவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அவர் டிவிக்குள் போர்டு பொருத்தும் வேலையில் இருந்தார். கம்பெனியை இழுத்து மூடியதும் அக்காவோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் சாப்பாட்டில் இன்னொரு கரண்டி கேட்க மாட்டார்.

ஏதாவது செய்து காட்டிவிட வேண்டும் என்று அவருக்குள் அரித்துக்கொண்டிருந்தது. வீட்டுச் சுவரெல்லாம் அடாப்டர்கள் தொங்கின. பரணில் செத்துக் கிடந்த டேப் ரெக்கார்டரிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றினார். அப்பாவின் சின்ன மேஜை ஃபேனுக்குப் பன்னிரண்டு வோல்ட், அம்மாவின் ரேடியோவுக்கு ஒன்பது, போனுக்கு ஐந்து; எல்லாம் அந்த ஒன்றிலிருந்தே. தனித்தனி ரெகுலேட்டர் வைத்து, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடக்கிவிட்டார். ஒவ்வொன்றாகப் போட்டும் காட்டினார்.

"மாப்பிள்ள கையில விஷயம் இருக்கு" என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி அப்பா சொன்னார்.

மறுநாள் ஃபேனும் ரேடியோவும் ஒன்றாக ஓடின. ரேடியோ வண்டு மாதிரி உறுமியது.

"என்ன சத்தம் மாப்பிள்ள?"

"ரேடியோ பழசு மாமா." வாயில் வந்துவிட்டது.

அதன் பிறகு அம்மா ரேடியோவைத் திருகினால் போதும், அத்தான் எழுந்துபோய் ஃபேனை நிறுத்துவார். கேட்டால், "குளிருது." சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

"ஆமா, இந்த வெயில்ல இவருக்குப் பல்லு தந்தியடிக்குது" என்பாள் அக்கா.

ஒருநாள் அப்பா புது ரேடியோவோடு வந்தார். டின்னில் மாட்டி, ஃபேனையும் தட்டிவிட்டார். அதே உறுமல்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், அதுவும் இயற்பியலில். அப்பா என் பக்கம் திரும்பினார். "படிச்சவன், நீ பாருடா."

ரேடியோவுக்குப் போகும் வயரில் மீட்டரை வைத்தேன். ஃபேன் நின்றால் ஒன்பது வோல்ட், ஓடினால் ஏழு. இரண்டையும் சேர்த்து இழுக்க அந்த டிரான்ஸ்ஃபார்மருக்குத் தெம்பில்லை. நிமிர்ந்தேன். அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரேடியோ இல்ல மாமா. என் பெட்டிதான். டிரான்ஸ்ஃபார்மர் பத்தாது. மாட்டும்போதே தெரியும்."

"பெரிசா ஒண்ணு கேட்டிருந்தா வாங்கித் தந்திருக்க மாட்டேனா?"

"ஏற்கெனவே உக்காந்து தின்னுக்கிட்டிருக்கேன். இதுவும் வேணும்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது?"

அடுப்படியில் அக்கா உருட்டிக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றது. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பியபோது கையில் கனமான டிரான்ஸ்ஃபார்மர். அதை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

இப்போது மூன்றும் சேர்ந்தே ஓடுகின்றன, ஒரு முனகல் கிடையாது. ஆனாலும் அம்மா ரேடியோவைத் திருகும்போதெல்லாம் அத்தானின் கை ஃபேன் பக்கம் போய்விட்டுத் திரும்புகிறது. அக்கா அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறாள்.