அரைஞாணும் ரங்கூன் தந்தியும்

பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்கிற ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் பேசத் தெரியாது, கூட வருகிறவர்களுக்கு வாய் ஓயாது, இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் என் வேலை. படிப்பைப் பாதியில் விட்டவள் நான். ஆனாலும் காரைக்குடியில் எல்லோரும் என்னை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கத்தரிக்கோலைக் கொதிக்க வைத்தேனா, ஆபரேஷனுக்கு இருக்கிற பிள்ளைக்கு யாராவது ஒளித்து இட்லி ஊட்டிவிட்டார்களா என்று நாள் முழுவதும் எனக்குக் கவலைதான். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியை நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு என் பாடு புரியும்.

வலி ஓரிடம், வீக்கம் ஓரிடம்

எங்கள் டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வயிற்று வலி என்று எந்தப் பிள்ளை வந்தாலும் முதலில் துணியை முழுக்க அவிழ்த்துவிட வேண்டும் என்பது அவர் கண்டிப்பு. வெந்நீர்ப் புட்டியைப் பிடித்துக் கையைச் சூடாக்கிக்கொண்டுதான் தொடுவார். குளிர்ந்த கை பட்டால் பிள்ளை வயிற்றை இறுக்கிக்கொள்ளும். உள்ளே இருப்பது கைக்குத் தட்டுப்படாது. அழுகிற பிள்ளை என்றால் தாயிடம் பால் குடித்துக் கண் செருகும்வரை காத்திருப்பார்.

திருக்கோஷ்டியூர்ப் பக்கத்திலிருந்து வயலில் பாடுபடுகிற ஒரு சம்சாரி வீட்டுப் பெண் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குடலேற்றம், எண்ணெய் போட்டுத் தடவியும் கேட்கவில்லை என்றாள். நான் கோவணத்தை அவிழ்த்தேன். தொடை இடுக்கில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு வீக்கம். வயிற்றுச் சுவரில் இருக்கிற சந்து வழியாகக் குடல் அங்கே இறங்கியிருந்தது. பிள்ளை கண் அயர்ந்ததும் டாக்டர் இரண்டு விரலால் மெல்ல அழுத்தினார். வீக்கம் உள்ளே போய்விட்டது. அந்தச் சந்தை ஒருநாள் தைத்து மூடவேண்டும் என்று அவர் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. என்னைத்தான் முறைத்தாள்.

"வயித்த வலின்னு கொண்டாந்தா, வயித்த விட்டுட்டு எங்கிட்டெங்கிட்டோ பாக்குறீகளே."

சுவரைப் பார்த்துப் பேசிய ஆச்சி

அதே வீக்கத்தோடு நேமத்தான்பட்டியிலிருந்து ஒரு பிள்ளை காரில் வந்தான். பெயர் சாத்தப்பன், நடை பழகுகிற வயசு. வீக்கம் பல மாதமாகவே இருந்ததாம். அமுங்கட்டும் என்று செப்புக் காசை வைத்துத் துணியால் கட்டிவைத்திருந்தார்கள். இப்போது அது கல்லாக இறுகிச் சிவந்திருந்தது. தொட்டால் வீறிட்டான். பச்சையாக வாந்தி எடுத்தான். காலை உயர்த்திப் படுக்கவைத்து, ஈரத்துணி போட்டு, டாக்டர் பொறுமையாக அழுத்திப் பார்த்தார். போகவில்லை. குடல் அந்தச் சந்தில் நெரிபட்டுவிட்டது, ரத்தம் ஓடாவிட்டால் அழுகிவிடும், உடனே அறுத்து விடுவிக்க வேண்டும் என்றார்.

பிள்ளையின் தகப்பனாருக்கு ரங்கூனில் கடை. கூட வந்தவர் அவருடைய அண்ணன், பெரிய செட்டியார். தம்பி பிள்ளையைத் தம்பி சொல்லாமல் கத்திக்குக் கொடுக்கமாட்டேன் என்று ரங்கூனுக்குத் தந்தி கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். தாய் உமையாள் ஆச்சிக்குக் கணவரின் அண்ணன் முன்னால் வாய் திறக்கிற வழக்கம் இல்லை. சுவரைப் பார்த்து நின்றுகொண்டு என்னிடம் சொல்லுவார். நான் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும். தந்தி நாளைக்கு வந்தால் என்ன ஆகும் என்று டாக்டரிடம் கேட்டுவரச் சொன்னார். பதில் நாளைக்கு வந்துவிடும், பிள்ளை அதுவரை தாங்குவானா என்றுதான் தெரியவில்லை என்றார் டாக்டர். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் சொன்னேன். ஆச்சி சுவரை விட்டுத் திரும்பினார். பெரிய செட்டியாரை நேருக்கு நேர் பார்த்தார்.

"எம்புள்ளைக்கி ஆபரேஷன் பண்ணட்டும். அவுக வந்து கேட்டா, நான் பதில் சொல்லிக்கிறேன்."

கயிறு இல்லாத நேரம்

பெரிய செட்டியார் சம்மதம் கொடுத்தார். மேஜையில் பிள்ளையைக் கிடத்தியதும் அடுத்த வில்லங்கம் வந்தது. கத்தி வைக்க வேண்டிய இடத்தின் குறுக்கே அரைஞாண் கயிறு கிடந்தது. வயிறு உப்பியிருந்ததால் மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. நான் கத்தரிக்கோலை எடுத்தேன். வாசலில் நின்ற பெரிய செட்டியார் உள்ளே வந்து என் கையைத் தடுத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு அரைஞாணை எடுப்பது செத்த பிறகுதான். நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் கத்தரிக்கோல் பட்டதால்தான் என்று நானே நினைத்துக்கொள்வேன்.

டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ காயம் கட்டுகிற துணியில் ஒரு நாடா கிழித்து, திரித்து, பிள்ளையின் மார்பைச் சுற்றிக் கட்டினார். புதுக் கயிறு ஏறிவிட்டது, இனிப் பழசை எடுத்தால் பிள்ளை கயிறு இல்லாமல் இருக்கிற நேரம் என்று ஒன்று இல்லையே என்று கேட்டார். பெரிய செட்டியார் குனிந்து அந்த நாடாவை இழுத்துப் பார்த்தார்.

"முடிச்சு தளர்ச்சியா இருக்கு. இன்னொன்னு போட்டுட்டு அறுங்க டாக்டரய்யா."

தந்தி வந்தது

கீறி வெளியே எடுத்தபோது நெரிபட்ட குடல் நாவற்பழ நிறத்தில் இருந்தது. டாக்டர் நெரித்த இடத்தை விடுவித்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கறுப்பு அப்படியே இருந்தால் அறுத்து எறிய வேண்டும். அவ்வளவு சின்ன உடம்பு அதைத் தாங்காது. நான் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். துணியை எடுத்துப் பார்த்தார். ஓரத்தில் சிவப்பு தெரிந்தது. பிறகு மெல்லப் பரவியது. அந்த நிறத்தில் ஒரு பட்டுப்புடவை கிடைத்தால் இன்றைக்கும் வாங்கிக்கொள்வேன்.

மறுநாள் ரங்கூனிலிருந்து பதில் வந்தது. கப்பல் ஏறுகிறேன், நான் வரும்வரை ஆபரேஷன் வேண்டாம் என்று இருந்தது. பெரிய செட்டியார் அதை வார்டு வாசலில் நின்று சங்கடத்தோடு வாசித்தார். பிள்ளையின் உதட்டை ஈரப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்த ஆச்சி தலை நிமிரவில்லை.

"அவுக சொன்னபடி இனிமே ஆபரேஷன் வேண்டாம்னு டாக்டரய்யாகிட்டச் சொல்லிடுங்க, நர்ஸம்மா."

எல்லோரும் எதிர்பார்த்தது

தைத்து முடித்ததோடு வேலை முடியவில்லை. குடல் மறுபடி ஓடுகிறதா என்பது பிள்ளை வெளிக்குப் போனால்தான் தெரியும். அதுவரை பால் கிடையாது. நேமத்தான்பட்டிப் பங்காளிகள் டின் டின்னாகச் சீடையும் தேன்குழலும் கொண்டுவந்தார்கள். அவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியதில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. சாத்தப்பனின் வயிறு மறுபடி உப்புவது போல இருந்தது. டாக்டர் வந்து வயிற்றில் காதை வைத்துக் கேட்டார், இன்னும் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனார். ஆச்சி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளை முக்கினான். துணியைத் தூக்கிப் பார்த்தேன். துணி, விரிப்பு, என் புடவை, எல்லாம் பாழ். என்னை அறியாமல் கத்திவிட்டேன். ஆச்சி ஓடிவந்து பார்த்துவிட்டு அந்தத் துணியை வைத்துக்கொண்டே அழுதார். தெருவில் சாணி கிடந்தால்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப்போகிற பெரிய செட்டியார் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இது போதுமா, இன்னும் வருமா நர்ஸம்மா?"

எங்கள் வேலையில் கடவுளுக்கு நன்றி சொல்லக் கிடைக்கிற நேரம் பெரும்பாலும் துவைக்க வேண்டிய துணியோடுதான் வருகிறது.