சுவருக்கு அந்தப் பக்கம் நடந்த ஆட்டம்

பேத்தி போனிலேயே பெரிய கார்ப் பந்தயம் ஆடுகிறாள். "கேம் இதுல இல்ல தாத்தா. எங்கயோ ஒரு கம்ப்யூட்டர்ல ஓடுது. படம் மட்டும்தான் இங்க வருது." புதிதாக வந்த சேவையாம், மாதச் சந்தாவாம்.

சிறுவயதில் எனக்கு அது இலவசமாகவே கிடைத்தது. ஆவடி குவார்ட்டர்ஸில் அம்மை போட்டு, வேப்பிலை வாசத்தில் படுத்திருந்தேன். பக்கத்து வீட்டுக் காதர் அவன் வீட்டில் பரமபதம் விரித்து, எனக்கும் சேர்த்துப் பகடை உருட்டினான். முடிவு மட்டும் ஜன்னல் வழியே வரும்.

"உன்ன பாம்பு கடிச்சிட்ச்சி மாமே!"

நான்கு நாளும் எனக்கே தோல்வி. சாட்சியில்லாத ஆட்டம் செல்லாது என்று கத்தினேன்.

"நான் பாத்துகினுதான் கீறேன் கண்ணு," என்றார் அவன் அம்மா. "உன் ராசி அப்டி."

அழுதுவிட்டேன். அழுகைச் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டிருக்க வேண்டும். அடுத்த ஆட்டத்தில் எனக்கு எல்லாமே ஏணியாக வந்தது.

நான் விசாரணை கோரவில்லை.