கெட்ட பேருக்கு ஒரு ஆள்

நாகராஜனுக்கு நெஞ்சில் ஒரு ஆத்திரம் வெகுகாலமாகக் கிடக்கிறது. முதலாளி ஆறுமுகநயினார் ஓட்டல் தொடங்கிய நாளிலிருந்து ஒருத்தனைக்கூடத் தன் வாயால் வேலையை விட்டு நிறுத்தியதில்லை. நிறுத்தியதெல்லாம் நாகராஜனின் வாய். ஊரில் அவருக்குப் பெயர் தங்கமான மனுஷன். இவனுக்கு வைத்திருக்கிற பெயரை எழுத முடியாது.

குற்றாலத்தில் பழைய அருவிக்குப் போகிற சாலையில் அந்த ஓட்டல் இருந்தது. சீசனில் உட்கார இடம் கிடைக்காது. சாரல் நின்றுவிட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆகவே ஆவணி பிறந்ததும் பாதிப் பேரை நிறுத்தியாக வேண்டும். அதற்கு முதலாளி ஒரு முறை வைத்திருந்தார். சீசன் முடிகிற அன்று மதியம் வேலைக்காரர்கள் எல்லாரையும் உட்காரவைத்து, இலை போட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே பரிமாறுவார். "வயிறாரச் சாப்பிடுங்கடே" என்று பாயசம் ஊற்றும்போது கண்கலங்கியவர்களும் உண்டு. சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனால் குழாயடியில் நாகராஜன் நிற்பான். அடுத்த சீசனுக்கு வர வேண்டாதவனை ஓரமாகக் கூப்பிட்டு இவன் சொல்ல வேண்டும். ஈரக் கையோடு அவன் பார்க்கிற பார்வைக்குத் தனியாகச் சம்பளம் கிடையாது.

யாரை நிறுத்துவது என்பதையும் முதலாளி உடைத்துச் சொல்ல மாட்டார். கல்லாவில் உட்கார்ந்து பெருமூச்சு விடுவார். "அந்தப் பய நமக்குச் சரிப்பட்டு வருவானாடே?" என்பார். அதுதான் உத்தரவு.

இதற்கு முன்னால் நாகராஜன் தென்காசியில் மகாதேவன் என்பவரின் ஓட்டலில் இருந்தான். அந்த ஆள் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. தோசைக் கரண்டி பறக்கும். ஒரு நாள் சாம்பார் வாளியைக் கவிழ்த்தவனைக் கடைவாசலில் வைத்தே, "நாளைக்கு இந்தப் பக்கம் வந்தேன்னா காலை ஒடிச்சிருவேன். நாந்தாம்லே சொல்லுதேன், எவன்கிட்ட வேணும்னாலும் போய்ச் சொல்லு" என்று விரட்டினார். அவன் தெரு முழுக்க மகாதேவனைத் திட்டிக்கொண்டு போனான். சரியான ஆளைத் திட்டினான். எட்டாவதோடு படிப்பை விட்ட நாகராஜன், ஆள் வைத்து வேலை வாங்குவது எப்படி என்று பார்த்ததெல்லாம் இந்த இரண்டு பேரிடம்தான். மகாதேவனின் ஏச்சு தாங்காமல்தான் ஆறுமுகநயினாரிடம் வந்து சேர்ந்தான்.

அங்கே தங்கை காளீஸ்வரியின் புருஷன் சுடலைமணியையும் சப்ளையராகச் சேர்த்துவிட்டான். ஒரு சீசனில் சுடலைமணி, சப்ளையர்களுக்கு வாரத்தில் ஒரு நாளாவது லீவு வேண்டும் என்று முதலாளியிடம் நேரே கேட்டுவிட்டான். அவர் அவன் தோளில் கை போட்டார்.

"நியாயந்தானடே. நீ கேக்காம யாரு கேப்பா? செஞ்சிருவோம்."

சாயங்காலம் கல்லாவில் பெருமூச்சு வந்தது. "ஒம் மச்சான் நல்லாப் பேசுதான் நாகராஜா. நாலு பேரு அவன் பின்னால நிக்கானுவ."

"அண்ணாச்சி, அவன் என் தங்கச்சி மாப்பிள்ளை."

"அதனாலதான ஒங்கிட்ட சொல்லுதேன்."

சீசன் கடைசியில், குழாயடியில், நாகராஜன் சொன்னான். சுடலைமணி வாயைக் கொப்பளித்துத் துப்பினான். "மொதலாளி லீவு தாரேன்னுட்டாரு. ஒமக்குத்தான் பொறுக்கல." அவ்வளவு பேசிவிட்டுப் போனவன், கொல்லத்தில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தான். எப்போதாவதுதான் வீட்டுக்கு வருவான். காளீஸ்வரி அண்ணனோடு பேச்சை நிறுத்தினாள். நாகராஜன் மகள் கல்யாணத்துக்கு அத்தைக்காரி வரவில்லை, தெருவே விசாரித்தது.

அதன்பிறகு நாகராஜன் முதலாளியிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான். காளீஸ்வரியிடம் ஒரு வார்த்தை, அவர் வாயால். "சொல்லாம இருப்பனாடே?" என்பார். சொல்ல மாட்டார்.

இந்த வைகாசியில் ஆறுமுகநயினாருக்குச் சிறுநீரகம் கெட்டு, தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படுத்தார். நாகராஜன் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் காளீஸ்வரி இளநீரோடு வந்தாள். அண்ணன் பக்கம் திரும்பவில்லை.

"எப்படி இருக்கிய அண்ணாச்சி? ஒங்க சோத்தைத் தின்ன குடும்பம் நாங்க."

விட்டால் இந்தச் சந்தர்ப்பம் வராது என்று நாகராஜனுக்குப் பட்டது. "அண்ணாச்சி, அவளும் இருக்கா, நானும் இருக்கேன். சுடலையை நிப்பாட்டச் சொன்னது யாருன்னு சொல்லிருங்க."

முதலாளி காளீஸ்வரியின் கையைப் பிடித்தார். "விடும்மா. ஒங்க அண்ணன் கோவக்காரன். மனசுல ஒண்ணும் கெடயாது. நானே அவனை மன்னிச்சிட்டேன், நீ மன்னிக்கக் கூடாதா?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெளியே போகும்போது இத்தனை வருஷம் கழித்து அண்ணனிடம் பேசினாள். "ஒன்னையும் வச்சு இம்புட்டுக் காலம் சோறு போட்டிருக்காரே."

நாகராஜன் கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தான். "இது நியாயமா அண்ணாச்சி?"

"சாகப் போறவனுக்குக் கெட்ட பேரு எதுக்குடே? ஒனக்கு அது பழகிப்போச்சு."

மறுநாள் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. அதற்கு முந்தின ராத்திரி, அதே கட்டிலில், கையைக் காட்டி இவனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"விஜயசங்கர் கடையை விக்கதுக்குப் பேசி முடிச்சிட்டான். எம் மவனாச்சே, என்ன செய்ய? சீசனுக்குன்னு பயலுவ எல்லாம் பையைத் தூக்கிட்டு வருவானுவ. வர வேண்டாம்னு நீ சொல்லிரு, நாகராஜா."