நேர்ச்சைத் திரியும் நாலாவது போல்ட்டும்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். தூத்துக்குடியில் மோட்டார் லாஞ்சுகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் ஸ்டோர் கிளார்க். நட்டைப் பார்த்தாலே ஸ்பானர் சைஸ் சொல்லிவிடுவேன்.

உலகச் சண்டைக் காலத்தில், மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடான ஒரு வாடைக்காற்று நாள். லாஞ்சு எஞ்சினில் தண்ணீர் பம்பு அடைத்துக்கொண்டது. பம்பு மூடியில் நாலு போல்ட்டு. மூன்று வந்துவிட்டன. நாலாவது உப்பில் இறுகிக் கிடந்தது. பிட்டர் சவரிமுத்து அண்ணன் போட்ட ஸ்பானர் வழுக்கி வழுக்கி அதன் தலை மழுங்கத் தொடங்கியது.

முதலாளி அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏளா, நீ படிச்சவள்லா? இங்கிலீசுல ஒரு அதட்டுப் போடு, பயந்து வந்துரும்."

"இங்கிலீசுக்கு அடங்குத போல்ட்டு சீமையிலதான் கிடைக்கும் அண்ணாச்சி. இது நம்ம ஊர் உப்புல ஊறுனது."

அப்போது தோணிக்காரர் ஒருவர் கரையிலிருந்து ஓடிவந்தார். என் அப்பாவின் தோணி சுக்கான் முறிந்து, முயல் தீவுப் பக்கம் நங்கூரத்தில் நிற்கிறதாம். கயிறு அறுந்தால் பாறைதான். மற்ற லாஞ்சுகள் எல்லாம் கப்பலுக்குச் சரக்குத் தோணி இழுக்கப் போயிருந்தன; கரையில் இருந்தது இது ஒன்றுதான்.

அண்ணாச்சியின் சிரிப்பு நின்றது. "உளிய வச்சு வெட்டி எடுலே!"

"வெட்டுனா பாதி உள்ளயே நின்னுரும் அண்ணாச்சி. மூடியத் திரும்பப் பூட்ட முடியாது" என்றார் சவரிமுத்து அண்ணன். என்னிடம் திரும்பினார். "ஸ்டோர்ல மண்ணெண்ணெய் ஒரு சொட்டாவது கிடக்கா?"

"இல்லண்ணே."

"மெழுகு?"

என் பையில் ஒரு மெழுகுதிரி இருந்தது. அப்பா கடலுக்குப் போகும்போதெல்லாம் அம்மா மாதாவுக்கு நேர்ந்துகொள்வது. சாயங்காலம் கோவிலில் ஏற்றச் சொல்லித் தந்திருந்தாள். எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நேர்ச்சைத் திரியில்லா..."

"அப்பாவுக்காவத்தான அண்ணே நேர்ந்தது."

உலையில் பழுக்கக் காய்ச்சிய கம்பியைப் போல்ட்டின் தலையில் அழுத்தினார். சூடேறியதும் நான் திரியை அதன் அடியில் வைத்தேன். மெழுகு உருகி மரைக்குள் இறங்கியது. சுத்தியலால் சின்னச் சின்னத் தட்டு. உடனே இளக்கவில்லை, முதலில் ஒரு மயிரிழை இறுக்கினார். டிக் என்று ஒரு சத்தம். அப்புறம் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் அசைத்தார். வந்துவிட்டது.

அடைப்பை எடுத்து மூடியைப் பூட்டியதும் லாஞ்சு கிளம்பியது. பொழுது சாய, அது அப்பாவின் தோணியைக் கட்டி இழுத்து வந்தது. அப்பா என் கன்னத்துக் கிரீசைத் துடைக்கிறேன் என்று ஈரக் கையால் இன்னும் பரப்பிவிட்டார்.

மிச்சத் திரி கரியும் கிரீசுமாக இருந்தது. அம்மா அதையேதான் கோவிலுக்குக் கொண்டுபோனாள். திரி வாங்கி ஏற்றுகிற கோவில்பிள்ளை முகம் சுளித்தார். "என்னம்மா இது, இவ்வளவு அழுக்கா?"

"வேலைக்குப் போயிட்டு வந்திருக்குய்யா" என்றாள் அம்மா.

இப்போது என் ஸ்டோரில் ஸ்பானர் பெட்டிக்குள் எப்போதும் ஒரு மெழுகுதிரி கிடக்கும். பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். போல்ட்டின் தலை மழுங்குகிறதென்றால் ஸ்பானரைக் கீழே வையுங்கள். சூடு கொடுங்கள், மெழுகு கொடுங்கள், முதலில் இறுக்கி, பிறகு இளக்குங்கள். அது கழன்று வருவதற்காக யாருடைய அப்பா கடலில் காத்துக்கொண்டிருக்கிறாரோ, நமக்குத் தெரியாது.