ரூபினியின் வேனும் இரண்டு பாலர் பள்ளிகளும்

பாலோ ஊர்ப் பக்கம் எந்தப் பாலர் பள்ளி நல்லது என்று தெரிந்துகொள்ள, பள்ளி வேன் ஓட்டும் ரூபினியிடம் கேட்டால் போதும். தமிழ்ப்பள்ளியோடு ஒட்டிய பாலர் வகுப்புக்கும், மலாய்க்காரர் கிராமமான கம்பத்து முனையில் உள்ள மலாய்ப் பாலர் பள்ளியான தபிக்காவுக்கும் அவள்தான் பிள்ளைகளை ஏற்றிப் போகிறாள். இரண்டும் அரசாங்கம் நடத்துபவை. ரூபினி பார்ப்பது பிள்ளைகள் திரும்பி வரும் கோலத்தை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் தலை கலையாமல், கிழமைகளை ஒப்பித்தபடி வருவார்கள். தபிக்காப் பிள்ளைகள் முழங்காலில் மண்ணும் சட்டையில் பச்சைப்பயற்றுக் கஞ்சியுமாக, பாட்டுக் கத்திக்கொண்டு வருவார்கள்.

ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவள் தன் மகள் விஷயத்தில் தடுமாறினாள். கவினிஷா வீட்டில் பெரிய வாயாடி. வாசலைத் தாண்டினால் வாய்க்குப் பூட்டு. "பேர் என்னம்மா?" என்று யாராவது குனிந்தால் அம்மாவின் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அடுத்த ஆண்டு எங்கே சேர்த்தால் இவள் பேசுவாள்?

"தமிழ்ப்பள்ளிதான். பிள்ளைங்க கொஞ்சம், டீச்சர் நல்லா கவனிப்பாங்க" என்றான் கணவன் சுகுமாறன், சிங்கப்பூரிலிருந்து போனில். "தபிக்காவுல ஒண்ணும் புரியாம இன்னும் ஊமையாயிடுவா லா."

ரூபினிக்கும் அதுவே சரியென்று பட்டது. மறுநாளே பெயரைப் பதிந்துவிட நினைத்தாள்.

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் கவினிஷாவும் தினமும் வேனில் வருவாள். முன்னிருக்கைதான் அவள் இடம். மறுநாள் காலை வழியில் ஒருவர் பெரிய பலாப்பழம் ஒன்றைக் கொடுக்க, ரூபினி அதை முன்னிருக்கையில் வைத்துப் பெல்ட்டும் போட்டாள். மகள் பின்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள்.

தபிக்காவில் இறக்கிவிட்டு, வழக்கம்போல் ரூபினி பின்னிருக்கைகளைத் திரும்பிப் பார்த்தாள். காலி. ஒருவரும் மிச்சமில்லை என்ற நிம்மதியோடு கிளம்பினாள். கடைத்தெருவில் நிறுத்திப் பலாப்பழத்தின் பெல்ட்டைக் கழற்றும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஐயோ, என் பிள்ளை!"

வேன் திரும்பியது. அழுது அழுது மூக்கொழுகி நிற்பாளே என்று பதறிக்கொண்டே ஓட்டினாள். ஆனால் வகுப்பின் சன்னல் அருகே வந்தபோது கேட்டது அழுகையல்ல.

"ஏய், உக்காரு! பெல்ட்டு போடு! கைய வெளிய நீட்டாத!"

நாற்காலிகள் இரண்டிரண்டாக வரிசையில் இருந்தன. முன்னால் கவினிஷா ஒரு தட்டைப் பிடித்து வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். மலாய்ப் பிள்ளைகள் ஒரு சொல்லும் புரியாமலே அவள் சாய்ந்த பக்கமெல்லாம் சாய்ந்தார்கள்.

"பின்னாடி யாரு கத்தறது? இறக்கி விட்டுருவேன்!"

அச்சு அசல் ரூபினியின் குரல். தபிக்கா ஆசிரியை சிக்கு சல்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்போதுதான் உனக்குப் போன் செய்ய எடுத்தேன் என்றார் மலாயில். பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தாளாம். அவரும் ஒன்றும் கேட்காமல் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாராம். பேர் என்ன, ஏன் பேசமாட்டாய் என்று இங்கே அவளை யாரும் குடையவில்லை.

ரூபினி அங்கிருந்தே கணவனை அழைத்தாள். "உங்க மக தபிக்காவுல பேசறாங்க!"

"மெய்யாவா? என்ன பேசறா?"

"என்னை மாதிரியே திட்டறா."

"அலமாக்! பாவம் அந்தப் பிள்ளைங்க." கொஞ்சம் யோசித்தான். "சரி, அங்கயே போடு. பாலர் பள்ளி முடிச்சு முதலாம் ஆண்டுக்குத் தமிழ்ப்பள்ளிக்கு வரட்டும்."

ரூபினி உள்ளே போய் மகளை நோக்கிக் கை நீட்டினாள். கவினிஷா தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வேன் ஓடுதுல்ல? நீ தள்ளி நில்லும்மா!"